கத்தியும் கன்னமும்



கவிஞர்கள் கூடியுள்ள அவையில் முகச்சவரம் பற்றிய பேச்சு என்றால் முதலில் எழுவது புன்னகைதான். கூந்தலைப் பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். மீசையைப் பாடியவர்களும் உளர். காலையில் கண்ணாடியின்முன் நின்று ஓர் ஆடவன் தன் கன்னத்தில் கத்தியை வைக்கும் அந்த ஐந்து நிமிடத்தைப் பாடியவர் மிகச் சிலரே. ஆயினும் எண்ணற்ற ஆடவர்கள் நாள்தோறும் தம் கையாலேயே தம் தோலுக்குத் தீங்கு செய்துகொள்ளும் நேரம் அதுவாகும். மழித்த பின் காந்தும் கன்னம், சிவந்து தடித்த கழுத்து, மூன்றாம் நாள் அரிப்போடு கிளம்பும் சிறு கொப்புளங்கள் ஆகியவற்றை ஊழ்வினைபோல் ஏற்றுக்கொண்டு வாழ்பவர் பலர். பெரும்பாலும் அவை கைவினைப் பிழையால் வருவன, திருத்தத்தக்கன. அக்கைவினையை நன்கறிந்திருந்தவர்களைத் தமிழ்ச் சமூகம் எங்கே நிறுத்தி வைத்தது என்பதும் இதனோடு சேர்த்தே பேசப்பட வேண்டியதாகும்.

இலக்கிய அவை ஆதலால் சொல்லிலிருந்தே தொடங்கலாம். மயிர் என்னும் சொல் இன்று மேடையில் ஒலித்தால் முகம் சுளிப்பவர் உண்டு. வள்ளுவர் சுளிக்கவில்லை. மானம் என்னும் அதிகாரத்தில் இரண்டு குறட்பாக்களில் அச்சொல்லைத் தயக்கமின்றி ஆள்கிறார். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில் தலையை மழிப்பதையும் சடையை வளர்ப்பதையும் ஒருசேர வைத்துப் போலித் துறவைக் கடிகிறார். பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியாரோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பாடினியின் தலைமுதல் அடிவரை வருணித்துக்கொண்டு வரும் அவர், அவளுடைய காதுக்கு உவமையாக எடுத்துக்கொள்வது மயிர் குறைக்கும் கருவியின் கைப்பிடியை. கத்தரிக்கோலின் பிடியில் உள்ள வளைவை அருகிருந்து கூர்ந்து நோக்கிய ஒருவர்க்கே அவ்வுவமை தோன்றியிருக்கும். நாவிதரின் அடைப்பத்தில் கிடந்த கருவி ஒன்று, அழகிய பெண்ணின் செவிக்கு ஒப்பாகும் தகுதியோடு அன்றைய பாட்டுக்குள் வந்து அமர்ந்திருக்கிறது.

பின்னாளில் நிலை மாறிற்று. ஒருவன் எதற்கும் உதவாதவன் என்று சொல்ல விரும்புபவர் ‘சிரைக்கப் போ’ என்கிறார். சிரைத்தல் என்பது தொழிலைக் குறிக்கும் நல்ல தமிழ் வினை. அதனை வசையாக்கியது மொழியன்று, சாதி. அவ்வசையைச் சொல்பவர், தீட்டிய திறந்த கத்தியை இன்னொருவர் குரல்வளையின்மீது வைத்து, ஒரு துளிக் குருதியும் கசியாமல் மேலும் கீழும் ஓட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகும் அது எளிய வேலை என்று தோன்றினால் வசையைத் தொடரலாம்.

தமிழகத்தின் தென்பகுதிகளில் நாவிதரைப் பரியாரி என்று அழைக்கும் வழக்கு உண்டு. பரிகாரி, அஃதாவது பரிகாரம் செய்பவர், மருந்து கொடுப்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். மருத்துவர் என்னும் பெயரும் அச்சமூகத்தார்க்கு உரியதாக வழங்கி வருகிறது. அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊர்ப்பிள்ளைகளின் பிறப்பைத் தாங்கினார்கள். கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றியதும், புண்ணுக்குப் பச்சிலை வைத்ததும், தாடியை மழித்ததும் ஒரே கை. ஆகவே தோல் எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே எலும்பு துருத்தி நிற்கிறது, எந்தப் பரு கத்தி பட்டால் சீழ் கொள்ளும் என்பவற்றை அக்கை அறிந்திருந்தது. அறுவடைக் களத்தில் அளந்து போட்ட தானியமே அக்கைக்குப் பல ஊர்களில் ஆண்டுக்கூலி. ஒடுக்கப்பட்ட மக்களின் முகத்தில் அதே கத்தி படலாகாது என்று ஊர் விதித்த தடை வேறு. அத்தடை பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் நாளேடுகளில் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனி, அக்கை அறிந்திருந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகக் காணலாம்.

முகத்தோலின் வெளிப்புறத்தில் உயிரற்ற செல்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கி அமைந்த ஒரு மேலடுக்கு உண்டு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். உடலின் ஈரம் வெளியேறாமல் காப்பதும், வெளியிலுள்ள நுண்ணுயிர்கள் உள்ளே புகாமல் தடுப்பதும் அவ்வடுக்கின் வேலை. கத்தி மயிரை மட்டும் அறுத்துவிட்டுப் போவதில்லை. ஒவ்வோர் இழுப்பிலும் அம்மேலடுக்கில் சிறிதைச் சுரண்டிக்கொண்டே செல்கிறது. ஒருமுறை சுரண்டினால் தோல் பொறுத்துக்கொள்ளும். ஒரே இடத்தை, அதுவும் நுரை கழிந்து உலர்ந்த இடத்தை, மூன்று நான்கு முறை சுரண்டினால் கீழே உள்ள உயிருள்ள பகுதி வெளிப்பட்டுக் காந்தத் தொடங்கும். அதன்மேல் சாராயம் கலந்த வாசனைத் தைலத்தைத் தட்டிவிட்டு, அந்த எரிச்சலையே புத்துணர்ச்சி என்று கருதி மகிழ்பவர்களும் இருக்கிறார்கள்.

மயிரின் இயல்பு வேறு. நகமும் கொம்பும் எப்பொருளால் ஆயினவோ அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது மயிர். உலர்ந்த தாடிமயிர், அதே பருமனுள்ள செம்புக் கம்பியைப்போல் வலிமை உடையது என்று சொல்வதுண்டு. அம்மயிரே இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் நீரைக் குடித்துப் பருத்து மென்மையாகிவிடுகிறது. முகச்சவரத்தின் முதல் மறை இதுவே. பழைய நாவிதர்கள் கிண்ணியில் நீரை வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் தாடியைத் தேய்த்துத் தேய்த்து ஊற வைத்ததன் காரணமும் இதுவே. சோப்பு நுரை தாடியை மென்மையாக்குகிறது என்பது பாதி உண்மை. மென்மையாக்குவது நீர், அந்நீர் ஓடிவிடாமல் கன்னத்தில் நிறுத்தி வைப்பதும், கத்தி வழுக்கிச் செல்ல வழி செய்வதும் நுரையின் வேலை. நீரைத் தொட்டுத் தடவிய கையோடு நுரையை அப்பி, அந்நொடியே கத்தியை வைப்பவர் உலர்ந்த மயிரையே அறுக்கிறார். குளித்து முடித்த பின் மழிப்பது நல்லது என்பதற்கும் வேறு காரணம் இல்லை.

மெல்லிய மயிர் எஃகை எவ்வாறு மழுக்குகிறது என்னும் ஐயம் எவர்க்கும் எழக்கூடும். மயிரைக் காட்டிலும் எஃகு ஏறத்தாழ ஐம்பது மடங்கு கடினமானது. ஆயினும் சில நாள் மழித்ததும் அலகு மொண்ணையாகிறது. 2020-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டு வெளியிட்டார்கள். அலகின் விளிம்பு மெல்லத் தேய்ந்து வட்டமாவதில்லை; நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்து விழுகிறது. மயிர் வளைந்து சாய்வாக அலகை எதிர்கொள்ளும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் அச்சில்லு தெறிக்கிறது. அறுபடும் மயிரும் கத்தியைக் கடித்துவிட்டே சாகிறது போலும். அவ்வாறு பல் விழுந்த விளிம்பு மயிரை அறுப்பதற்குப் பதில் பற்றி இழுக்கும். இழுபட்ட மயிர் தன் வேர்க்காலையும் உலுக்கும். மயிர் ஊறியிருந்தால் இத்தொல்லை குறையும் என்பதும், மழுங்கிய அலகோடு மல்லுக்கு நிற்பதைவிட அதனை எறிந்துவிடுவது சிக்கனம் என்பதும் இதனால் பெறப்படும். சாணைக்கல்லில் பிடித்தும், தோல்வாரில் மாறி மாறித் தீட்டியும் பழைய நாவிதர் கத்தியைப் பேணியது வெறும் சடங்கன்று.

அவருடைய கைத்திறனைக் கவனித்தவர்கள் சிலவற்றைக் கண்டிருப்பார்கள். வலக்கை கத்தி பிடிக்கும்போது இடக்கை சும்மா இராது. விரல் நுனியால் கன்னத்தை மெல்ல இழுத்துச் சமப்படுத்தும், மூக்கின் நுனியை உயர்த்தி மேலுதட்டைத் திறக்கும், காதுமடலை ஒதுக்கும். கத்தி கன்னத்தின்மேல் படுத்தும் கிடவாது, நிமிர்ந்தும் நில்லாது. ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் இருக்கும். அழுத்தம் இராது. கத்தியின் எடையே அழுத்தம். நீண்ட இழுப்பாக இழுக்காமல், விரலகல நீளத்துக்குச் சிறு சிறு இழுப்பாக எடுத்து, நுரையையும் மயிரையும் துடைத்துவிட்டு மீண்டும் வைப்பார். கத்தி செல்லும் ஓசையைக் காதால் கேட்டுக்கொண்டே இருப்பார். ஓசை மாறினால் நுரை உலர்ந்தது என்று பொருள்.

முதற்சுற்று மயிர் படிந்த போக்கிலேயே நடக்கும். இங்கேதான் வீட்டுச் சவரக்காரர்கள் பெரிதும் தவறுகிறார்கள். தாடி முழுவதும் மேலிருந்து கீழாக வளர்கிறது என்று எண்ணிக்கொண்டு ஒரே திசையில் கத்தியை ஓட்டுகிறார்கள். கன்னத்தில் பெரும்பாலும் அப்படித்தான். கழுத்தில் அப்படியன்று. பலர்க்கு அங்கே மயிர் மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து கிடக்கும். சிலர்க்குத் தாடையின் கீழே இருபுறமும் சுழி இருக்கும். கன்னத்தில் போக்கோடு செல்லும் அதே இழுப்பு கழுத்துக்கு இறங்கியதும் எதிர்ப்போக்காகிவிடுகிறது. எரிச்சல் கன்னத்தைவிடக் கழுத்தில் மிகுதியாக இருப்பதன் காரணங்களுள் இது முதன்மையானது. தன் போக்கை அறிய விரும்புபவர் இரண்டு நாள் மழிக்காமல் இருந்து, விரல் நுனியால் நான்கு திசையிலும் தடவிப் பார்க்கலாம். எத்திசையில் தடவினால் குத்தவில்லையோ அத்திசையே மயிரின் போக்கு. ஒருமுறை கண்டுகொண்டால் வாழ்நாள் முழுவதும் அது பயன்படும்.

எதிர்ப்போக்கில் மழிக்கட்டுமா என்று கேட்டுவிட்டே நல்ல நாவிதர் அதனைச் செய்வார். முகத்தில் பரு கண்டால், கேட்கும் வாடிக்கையாளரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிடுவார். இந்த ‘வேண்டாம்’ என்னும் சொல்லைத்தான் இருபதாம் நூற்றாண்டின் சவரத் தொழிற்சாலைகள் மறந்தன.

அமெரிக்கரான கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் தூக்கி எறியத்தக்க மெல்லிய அலகுக்கு 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் காப்புரிமை பெற்றார். விற்பனை தொடங்கிய 1903-ஆம் ஆண்டில் விற்றவை 51 கருவிகளும் 168 அலகுகளும் மட்டுமே என்பர். முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு அரசே அக்கருவியை வாங்கி வழங்கியபின் கதை மாறியது. நச்சுவாயு முகமூடி முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டியிருந்ததும் மழித்த முகம் கட்டாயமானதற்கு ஒரு காரணமாயிற்று. அதே போர்க்காலத்தில், தூய்மை செய்யப்படாத குதிரைமயிரால் செய்த சவர பிரஷ்கள் வழியே ஆந்த்ராக்ஸ் என்னும் கொடுநோய் பரவி வீரர்கள் சிலர் இறந்துபோனார்கள். பீரங்கிக்குத் தப்பி பிரஷ்ஷுக்குப் பலியானவர்களின் கதையைப் போர் வரலாறுகள் ஓரிரு வரியில் முடித்துவிடுகின்றன.

1971-இல் இரட்டை அலகு சந்தைக்கு வந்தது. 1998-இல் அலகு மூன்றாயிற்று, 2006-இல் ஐந்தாயிற்று. இரட்டை அலகின் தத்துவம் நுட்பமானது. முதல் அலகு மயிரைப் பற்றிச் சிறிது வெளியே இழுத்து அறுக்கிறது. அம்மயிர் மீண்டும் உள்ளே பின்வாங்குவதற்குள் இரண்டாம் அலகு வந்து இன்னும் கீழே அறுக்கிறது. எஞ்சிய அடிப்பகுதி பின்வாங்கும்போது அதன் முனை தோலின் மட்டத்துக்கும் கீழே சென்று மறைகிறது. தடவிப் பார்த்தால் கண்ணாடிபோல் வழவழப்பு. விளம்பரங்கள் கொண்டாடிய வழவழப்பு இதுதான்.

நேராக வளரும் மயிர் உடையவர்க்கு இதனால் பெருந்தீங்கில்லை. மறைந்த முனை அடுத்த நாள் வந்த வழியே வெளியே வந்துவிடும். சுருண்டு வளரும் மயிருக்குத்தான் இது கண்ணியாகிறது. ஏறத்தாழ நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வளரும் அம்மயிர், வெளியே வரும் முன்பே வளைந்து வேர்க்குழியின் பக்கச் சுவரைத் துளைக்கலாம். அல்லது வெளியே வந்து, வளைந்து, பக்கத்துத் தோலில் ஊசிபோல் மீண்டும் இறங்கலாம். சாய்வாக அறுபட்ட முனை கூர்மையாக இருப்பதால் துளைத்தல் எளிதாகிறது. உடல் தன் மயிரையே அயலானாகக் கருதிப் போர் தொடுக்கிறது. விளைவு: சிவந்த முடிச்சு, சீழ், அதன் பிறகு கரும்புள்ளி, சிலர்க்கு நிலைத்துவிடும் தழும்பு மேடு. மருத்துவ நூல்கள் இதற்கு நீண்டதொரு இலத்தீன் பெயர் சூட்டியுள்ளன. உள்ளேறும் மயிர் என்று தமிழில் சொன்னால் விளங்கும். ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் அறிஞர் இருவர் 1956-இல் இதனை விரிவாக எழுதினார்கள். இது தூய்மைக் குறைவால் வரும் தொற்றன்று, மயிரின் வளைவால் வருவது என்னும் உண்மையை அழுத்தமாகப் பதிவு செய்ய வேண்டிய தேவை அப்போதே இருந்தது.

அத்தேவை இன்றும் தீரவில்லை. கழுத்தில் முடிச்சு முடிச்சாகக் கொப்புளங்களோடு வேலைக்கு வரும் இளைஞனைப் பார்த்து, ‘முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளக் கூடாதா?’ என்று கேட்பவர்கள் அறிவதில்லை, அவன் சுத்தத்துக்காகவே நாள்தோறும் எதிர்ப்போக்கில் அழுந்த மழித்து அந்நிலைக்கு வந்தவன் என்பதை. சுருள்மயிர் தமிழர்க்குப் புதியதன்று. காவல்துறையிலும், படையிலும், பெருவிடுதிகளிலும் நாள்தோறும் மழித்த முகத்தோடு நிற்க வேண்டிய தமிழ் இளைஞர்கள் பலர் இத்துன்பத்தைப் பெயர் தெரியாமல் பட்டு வருகிறார்கள்.

இத்துன்பம் மிகுதியாகத் தாக்குவது சுருள் மிக்க மயிர் உடைய ஆப்பிரிக்க வழித்தோன்றல்களை. அமெரிக்கப் படையில் கறுப்பின வீரர்களுக்கு இது மருத்துவச் சிக்கலாக மட்டுமன்றி, நிர்வாகச் சிக்கலாகவும் சமூகச் சிக்கலாகவும் ஆகிவிட்டதை 1974-இல் வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை எடுத்துக்காட்டியது. மழிக்க முடியாதவர் கட்டுப்பாடற்றவர் என்று மேலதிகாரிக்குத் தோன்றிவிடும். பதவி உயர்வுக்கு அது தடையாகும். பின்னர் பீட்ஸா விநியோகிக்கும் கறுப்பினத் தொழிலாளி ஒருவர் இந்நோயின் காரணமாகத் தாடியை மழிக்க இயலாமல் வேலை இழந்தார். வழக்கு நீதிமன்றம் ஏறியது. எல்லோர்க்கும் பொதுவாகத் தோன்றும் தாடித் தடை, நடைமுறையில் கறுப்பின ஆடவரையே வெளியேற்றுகிறது என்பதை 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மருத்துவக் காரணம் உடையவர்க்கு விலக்களிக்க வேண்டும் என்பது அதன் முடிவு. ஒரு மில்லிமீட்டர் மயிருக்காக ஒரு மனிதனின் சோறு பறிபோன வழக்கு அது. படையிலோ, இவ்விலக்குகள் 2025-ஆம் ஆண்டில் மீண்டும் இறுக்கப்பட்டன.

தீர்வு எளியது, கடைப்பிடிப்பதுதான் அரிது. உள்ளேறும் மயிரால் துன்புறுபவர் முதலில் மூன்று நான்கு வாரம் மழிப்பதை நிறுத்த வேண்டும். சிக்கிய மயிர்கள் வளர்ச்சியின் விசையாலேயே பெரும்பாலும் விடுபட்டுவிடும். வளைந்து இறங்கிய நுனி கண்ணுக்குத் தெரிந்தால் தூய ஊசியால் மெல்ல நிமிர்த்திவிடலாம்; பிடுங்கலாகாது. பிடுங்கினால் அடுத்து முளைப்பது இன்னும் ஆழத்திலிருந்து அதே தவறான வழியில் வரும். மீண்டும் மழிக்கத் தொடங்கும்போது ஓர் அலகு உள்ள கருவியே போதும்; போக்கோடு மட்டும்; ஒரு சுற்று மட்டும். நாவிதரின் இடக்கை செய்யும் வேலையை இவர்கள் தவிர்ப்பது நல்லது; தோலை இழுத்துப் பிடித்து அறுத்தால், விட்டதும் முனை உள்ளே பதுங்கிவிடும். எல்லாவற்றினும் பாதுகாப்பானது, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மயிரை விட்டுவைக்கும் மின்கத்தரி. தோலின் மட்டத்துக்கு மேலே சிறிது நிற்கும் மயிர் தோலுக்குள் நுழைய வழி இல்லை. முகம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அச்சொரசொரப்புதான் விலை. பாட்டைத் திருத்துபவர்களுக்கும் இது ஓரளவு பழகிய கணக்கே.

மழித்தால் மயிர் தடித்து வளரும் என்னும் நம்பிக்கையையும் இங்கே குறிப்பிட வேண்டும். அரும்பு மீசை வராத கவலையில் அண்ணனின் கத்தியை எடுத்து இரகசியமாக மழிக்கும் சிறுவர்கள் எல்லாத் தலைமுறையிலும் இருக்கிறார்கள். மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் 1928-இலேயே இதனை ஆராய்ந்து, மழிப்பதால் மயிரின் பருமனோ வளர்ச்சி விரைவோ மாறுவதில்லை என்று காட்டினார். இயற்கையாக வளர்ந்த மயிரின் நுனி மெலிந்து செல்லும். அறுபட்ட மயிரின் நுனி மொட்டையாக நிற்கும். அம்மொட்டைமுனைதான் தடிப்புபோல் தோன்றுகிறது. சிறுவர்க்கு மீசை வருவது கத்தியால் அன்று, வயதால்.

நாவிதரின் கையைப் புகழ்ந்த இவ்வுரை அவர் கடையின் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஒரே கத்தியும், ஒரே பிரஷ்ஷும், ஒரே துண்டும் முகம் மாறி முகம் சென்ற காலத்தில் சீழ்க்கொப்புளமும் படையும் கூடவே சென்றன. மஞ்சட்காமாலையை உண்டாக்கும் பி, சி வகைக் கல்லீரல் அழற்சிக் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு குருதியிலும் தொற்றக்கூடியவை. எய்ட்ஸ் பற்றிய அச்சம் ஊர் ஊராகப் பரவியபோதுதான் ‘புது பிளேடு போடுங்க’ என்னும் குரல் கடைகளில் உரக்கக் கேட்டது. பிளேடை இரண்டாக முறித்துப் பாதியைக் கைப்பிடியில் செருகும் பழக்கம் வேரூன்றியது. அவ்வளவில் நன்மையே. ஆனால், பிளேடை மாற்றச் சொல்லும் அதே வாடிக்கையாளர், பத்துப் பேர் கன்னத்தில் உரசிய அதே படிகாரக் கட்டியைத் தம் கன்னத்திலும் உரச முகத்தை நீட்டிக்கொண்டிருப்பார். படிகாரம் தோலைச் சுருக்கும். கீறலில் கசியும் குருதியின் புரதத்தை உறைய வைத்து நிறுத்தும். நல்ல பொருள்தான். அவரவர்க்கென்று ஒரு துண்டு வைத்துக்கொள்வதற்கு அதிகம் செலவாவதில்லை.

இறுதியாக, பிறர் முகத்தை மழிக்க வேண்டிய நிலை பற்றியும் சில சொற்கள். சலூனுக்கு நடந்து செல்ல இயலாத முதியவர்கள் பல வீடுகளில் படுக்கையில் இருக்கிறார்கள். பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் மழித்த முகத்தோடு வாழ்ந்த ஒருவர்க்கு வாரக்கணக்கில் வளர்ந்த தாடி நோயைவிடக் கூசச் செய்யும். மகனோ மகளோ மருமகளோ கத்தியை எடுக்கிறார்கள். அவர்கள் கை நடுங்குகிறது. சிரைத்தலை வசையாகச் சொல்லிப் பழகிய வீடு, அத்தொழிலின் அருமையை அன்றுதான் உணர்கிறது.

முதியவர் தோல் தளர்ந்து மடிப்பு மடிப்பாக இருக்கும். அதன் அடுக்குகளும் மெலிந்திருக்கும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, சூட்டை முன்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கன்னத்தில் மூன்று நிமிடம் போர்த்தி வைக்க வேண்டும். தலையணையால் தலையைச் சற்று உயர்த்திக்கொள்ள வேண்டும். ஒளி பக்கவாட்டிலிருந்து வந்தால் மயிரின் போக்கு தெளிவாகத் தெரியும். மடிப்பை விரலால் விரித்துக்கொண்டு, புதிய அலகால், போக்கோடு மட்டும் சிறு இழுப்பாக எடுக்க வேண்டும். பல் இல்லாத கன்னம் உள்ளே குழிந்திருந்தால், காற்றை நிரப்பிக் கன்னத்தை உப்பச் சொல்லலாம். அவரால் முடியாவிட்டால் குழியை விட்டுவிடலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவராயின் கத்தியே வேண்டா. சிறு கீறலும் நெடுநேரம் கசியும். அவர்க்கு மின்கத்தரிதான் உரியது. முடிந்ததும் குளிர்ந்த நீரால் ஒற்றி எடுத்து, தேய்க்காமல் துடைத்து, கண்ணாடியை அவர் கையில் கொடுக்க வேண்டும். விட்டுப்போன இடத்தை அவரே காட்டுவார்.